அடைமழையும் அடைத்த ஜன்னலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த 2020 நவம்பர் கடைசியில் நிவர் புயல் கடந்து மூச்சு விடுவதற்குள் புரெவி புயல் வந்து மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றது. அது நின்ற நாளெல்லாம் காவிரி டெல்டாவில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சம்பா, தாளடி நெற்பயிர்கள் தண்ணீருக்குள் கிடக்கின்றன. கொரோனாவுக்காக மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. பயிர்ச் சேதம், நிவாரணம், கொரோனா எண்ணிக்கை என்று தங்கள் நாளிதழில் தினமும் வருகிறது. வர வேண்டியதுதான். இருட்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பவர்களைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை நமக்குப் புதிதில்லை. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் பெய்து தீர்க்கும். மற்ற வருடங்களில் மழை விட்ட இடைவெளியில் கடைத்தெரு, கோயில், பள்ளிக்கூடம், கல்யாண வீடு என்று ஆட்கள் வெளியே போய் வந்துகொண்டிருப்பார்கள். இந்த வருடம் அதுவும் இல்லை. மழைக்குப் பயந்து ஜன்னலை அடைக்கிறோம், தொற்றுக்குப் பயந்து வாசலை அடைக்கிறோம். உள்ளே ஐந்தாறு பேர், ஒரு டி.வி., கொடி நிறைய ஈரத்துணி, கொசுவத்திப் புகை. எந்தத் தொற்றுக்குப் பயந்து அடைத்தோமோ, அதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. மனம் சோர்ந்து சுருண்டு படுக்கவும் இதுவே இடம். மழைக்காலத்திலும் ஜன்னலையும் திண்ணையையும் புழக்கத்தில் வைத்திருந்தால் இரண்டுக்கும் சேர்ந்து பலன் உண்டு. அதை எப்படிச் செய்வது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

முதலில் வெளிச்சம். குளிர்நாடுகளில் பனிக்காலம் தொடங்கினால் மனம் சோர்ந்து, தூக்கம் கூடி, எதிலும் பிடிப்பில்லாமல் போகிறவர்கள் உண்டு. பருவகால மனச்சோர்வு என்று 1984-ல் அமெரிக்க மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்து விவரித்தார்கள். லண்டனில் டிசம்பர் கடைசியில் பகல் 8 மணி நேரம்கூட இருக்காது. தஞ்சாவூரில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம். நீண்ட பகலுக்கும் இதற்கும் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் நமக்குப் பகல் குறைந்துபோனதாகச் சொல்ல முடியாது. மேகம் கொஞ்சம் மறைக்கிறது, மீதியை நாம் மறைக்கிறோம்.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் கணக்கிடுவார்கள். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரும். மேகம் கவிந்த மழைப் பகலிலும் திறந்த வெளியில் ஆயிரத்துக்குக் கீழே போவது அரிது, பெரும்பாலும் சில ஆயிரம் இருக்கும். டியூப்லைட் போட்ட கூடத்தில் 100 அல்லது 200. ஜன்னலை அடைத்து ஒரே பல்பு எரியும் அறையில் 50-ஐத் தாண்டுவதே பெரிது. கண் இருட்டுக்குப் பழகிக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. தூக்கத்தையும் பசியையும் நேரப்படி நடத்துகிற மூளைக் கடிகாரம் மட்டும் ஏமாறாது. காலை ஒன்பது மணியை அது இன்னும் விடியவில்லை என்றே எடுத்துக்கொள்ளும். பகல் முழுக்க அசதியும், இரவு பன்னிரண்டு மணி வரை கொட்டக் கொட்ட விழிப்பும் இப்படித்தான் வருகின்றன.

குளிர்நாட்டு மருத்துவர்கள் இதற்கென உள்ள 10,000 லக்ஸ் விளக்கின் முன் காலையில் 30 நிமிடம் உட்காரச் சொல்கிறார்கள். 2,500 லக்ஸ் விளக்கானால் 2 மணி நேரம். நமக்கு அந்த விளக்கு தேவையில்லை, திண்ணை இருக்கிறது. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வெளிச்சத்துக்கு வந்துவிட வேண்டும், குறைந்தது ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும். எங்கே உட்காருவது என்பதற்கு ஒரே அடையாளம்தான்: உட்கார்ந்த இடத்திலிருந்து வானம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எதிர்வீட்டுச் சுவர் தெரிந்தால் போதாது. ஜன்னலை ஒட்டி மூன்றடிக்குள் உட்கார்ந்தால் வானம் தெரியும். அதே அறையின் பின்மூலைக்குப் போனால் வெளிச்சம் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அரிசி புடைப்பது, கீரை ஆய்வது, பேப்பர் படிப்பது, பிள்ளைகளின் பாடம் எல்லாவற்றையும் அந்த மூன்றடிக்குள் கொண்டுவந்துவிடலாம். கட்டிலில் கிடக்கும் பெரியவர்களின் கட்டிலையும் அங்கே நகர்த்திப் போடுங்கள். தலைமாடு ஜன்னலுக்கு வந்தால் அவர்களுக்கு விட்டம்தான் தெரியும். கால்மாடு ஜன்னல் பக்கம் இருக்கட்டும்.

வரும் டிசம்பர் 16-ம் தேதி மார்கழி பிறக்கிறது. நாலரை, ஐந்து மணிக்கே எழுந்து கோலம் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறோம். டிசம்பர் நடுவில் இங்கே சூரியன் உதிக்க 6.20 ஆகும், பொங்கல் வாக்கில் 6.35. இருட்டில் எழுந்ததன் பலன் உடம்புக்குக் கிடைக்க வேண்டுமானால் ஆறரை மணிக்கு மறுபடி வாசலுக்கு வந்து ஏழரை வரையாவது இருக்க வேண்டும். காபியையும் பேப்பரையும் அங்கே வைத்துக்கொண்டாலே நேரம் சரியாகிவிடும். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம், மூன்று மணிக்கு மேல் அறவே வேண்டாம். இரவு படுக்கும் நேரம் முன்னே பின்னே ஆனாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள்.

ஓட்டு வீடுகளில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சீமை ஓட்டு அளவிலேயே கண்ணாடி ஓடு கிடைக்கிறது. பத்துக்குப் பத்து அறைக்கு இரண்டு போதும், பகலில் விளக்கே வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால் பாசி படிந்து பச்சையாகியிருக்கும், தேய்த்துக் கழுவினாலே அறை மாறிவிடும். நாட்டு ஓட்டுக்குக் கண்ணாடி ஓடு பொருந்தாது. ஒளி ஊடுருவும் ஃபைபர் ஷீட்டில் ஒரு துண்டு வெட்டிச் செருக வேண்டும். துண்டின் மேல்முனை மேல்வரிசை ஓட்டுக்கு அடியில் ஆறு அங்குலமாவது போக வேண்டும், கீழ்முனை கீழ்வரிசை ஓட்டின் மேல் படிய வேண்டும். மாற்றிச் செருகினால் அந்த இடத்திலேயே ஒழுகும். பலர் ஒழுகுகிறது என்று பிடுங்கி எறிவது இதனால்தான். மழை விட்டு இரண்டு நாள் காய்ந்த பிறகே கூரையில் ஏறுங்கள், ஈர ஓடு வழுக்கும்.

அடுத்தது காற்று. ஜன்னலை ஏன் திறப்பதில்லை என்று கேட்டால் சாரல், கொசு, பூச்சி பொட்டு என்பார்கள். மூன்றும் நியாயமான பயம், மூன்றுக்கும் வழி இருக்கிறது. இந்தப் பருவத்தில் மழை வடகிழக்கிலிருந்து வாடைக்கொண்டலோடு சாய்ந்து வரும். சாரல் அடிப்பது வடக்கு, கிழக்கு ஜன்னல்களில்தான். தெற்கு, மேற்கு ஜன்னல்களைக் கொட்டுகிற மழையிலும் திறந்து வைக்கலாம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று ஓடாது, நுழைய ஒரு வழியும் வெளியேற ஒரு வழியும் வேண்டும். வடக்கு ஜன்னலில் நான்கு விரல் அகலம் இடைவெளி விட்டு, தெற்கு ஜன்னலை அகலத் திறந்தால் அறையில் காற்று மாறிக்கொண்டே இருக்கும். புயல் நாளில் மட்டும் இந்தக் கணக்கு பலிக்காது. புயல் நமக்கு வடக்கே கரை கடந்தால் காற்று திசை மாறி மேற்கிலிருந்து வீசும். அந்தச் சில மணி நேரம் எல்லாவற்றையும் அடைத்துக் கொண்டி போடுவதுதான் சரி.

பழைய வீட்டு ஜன்னல்களுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என நாலு கதவு வைத்தது காரணமாகத்தான். கீழ்க்கதவை அடைத்து மேல்க்கதவைத் திறந்தால் சாரல் தரையை நனைக்காது, பூச்சி பொட்டு ஏறாது, சூடான மூச்சுக்காற்று மேல்வழியாகவே வெளியேறும். கதவு மழையில் ஊறி உப்பி இறுகியிருந்தால் இழைப்புளி போடாதீர்கள். பங்குனியில் மரம் சுருங்கும்போது சந்து விழும். விளிம்பைத் துணியால் துடைத்து, மெழுகுவத்தியையோ காய்ந்த துணி சோப்பையோ உரசும் இடத்தில் நாலைந்து முறை தேய்த்தால் நகரும். புது வீடுகளில் சன்ஷேடு குறுகலாக இருக்கும். அங்கே தென்னங்கீற்றுத் தட்டி கட்டலாம். முடைந்த கீற்று இரண்டு, மூங்கில் கழி இரண்டு. மேல்விளிம்பு ஜன்னலுக்கு அரை அடி மேலே சுவரோடு ஒட்டியும், கீழ்விளிம்பு சுவரைவிட்டு ஒன்றரை அடி தள்ளியும் சாய்ந்து நிற்க வேண்டும். சுவரோடு நேராகத் தொங்கவிட்டால் அதுவும் ஓர் அடைப்பே. ஜன்னலுக்கு நைலான் வலை அடியுங்கள், ஜன்னலைத் தொடுகிற செடி கொடியை வெட்டிவிடுங்கள்.

மித்தம், அதாவது நடுவே திறந்த முற்றம், உள்ள வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். தண்ணீர் விழுகிறது என்று மித்தத்தின் மேல் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிடுகிறீர்கள். வீட்டின் மூக்கையும் கண்ணையும் சேர்த்துப் பொத்தியதுபோல் ஆகிறது. கட்டத்தான் வேண்டுமென்றால் நான்கு மூலையிலும் மூங்கில் நட்டு, கூரை விளிம்பைவிட ஒன்றரை அடி உயர்த்திக் கட்டுங்கள், நடுவில் தண்ணீர் தேங்காமல் ஒரு பக்கம் சரிவு வையுங்கள். நிறம் வெள்ளையாக இருந்தால் வெளிச்சமும் கிடைக்கும்.

காற்று ஓடுகிறதா என்று பார்க்க ஊதுவத்தி போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, அறையின் நடுவில் இடுப்பு உயரத்தில் ஒன்றைக் கொளுத்திப் பிடியுங்கள். புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஜன்னலைத் தேடிப் போனால் நல்லது. நேராக மேலே போய் விட்டத்துக்கு அடியில் படலமாக மிதந்து, வத்தியை அணைத்து ஐந்து நிமிடம் ஆகியும் வாசனை அப்படியே நின்றால், அந்த அறையில் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அப்போது டேபிள் ஃபேனை ஜன்னலருகே வைத்து முகத்தை வெளிப்பக்கம் திருப்புங்கள், எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வையுங்கள். உள்ளே பார்த்துச் சுழலும் ஃபேனும் சீலிங் ஃபேனும் இருக்கிற காற்றையே கலக்கும். ஈரச் சுவரில் உள்ள பிளக்கை மட்டும் தொடாதீர்கள்.

இதே கணக்கில்தான் வீட்டில் ஒருவருக்கு இருமல், காய்ச்சல் வந்தால் படுக்கை போட வேண்டும். காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் நோயாளியைத் தென்மேற்கு அறையில், வெளியேறும் ஜன்னலை ஒட்டிப் படுக்க வையுங்கள். மற்றவர்கள் வடக்கிலோ கிழக்கிலோ படுக்கட்டும். வசதியான அறை, வாசலுக்குப் பக்கம் என்று அவரை முன்கூடத்தில் போட்டால் அவர் விடும் மூச்சு வீடு முழுக்கச் சுற்றித்தான் வெளியே போகும். புயல் பாதுகாப்பு மையங்களிலும் பள்ளிக்கூட முகாம்களிலும் இதையே கடைப்பிடிக்கலாம்.

புகையை உள்ளே சேர்க்காதீர்கள். ஒரு கொசுவத்திச் சுருள் விடும் நுண்துகள் 75 சிகரெட்டுக்குக் குறையாது என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். வலை கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகினால் சுருளே வேண்டாம். ஈர விறகு புகைவதால், மறுநாள் விறகை முதல்நாளே அடுப்புக்குப் பின்னால் அடுக்கிக் காய வையுங்கள். ஈரத்துணியைத் தாழ்வாரத்தில் போடுங்கள். உள்ளே காய்ந்தால் சுவரில் பூசணம் பிடிக்கும், வீசிங் உள்ள பிள்ளைகளுக்கு அது ஆகாது. ஆவி பிடிப்பதால் கிருமி சாகாது. வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவதுதான் நடக்கிறது.

நனைந்த முகக்கவசம் மூச்சை அடைக்கும், உடனே மூக்குக்குக் கீழே இறங்கிவிடும். வெளியே போகும்போது காய்ந்த கவசம் இரண்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் இருக்கட்டும். நடவுக்கும் களைக்கும் ஆட்களை ஏற்றிப்போகும் வண்டியில் தார்ப்பாயைச் சுற்றிலும் இறக்கிவிடுகிறார்கள். பின்பக்கத்தையாவது திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவை விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் இந்த வருடம் பல ஊர்களில் வந்துவிட்டது. வயலில் நனைந்து விறைத்த விரலில் மாட்டினால் அது குறைத்துக் காட்டும், மருதாணியும் நகப்பூச்சும் கணக்கைக் கெடுக்கும். கையைத் துடைத்து, தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு நடுவிரலில் மாட்டி, ஒரு நிமிடம் அசையாமல் வைத்து எண்ணைப் பாருங்கள். 95-ம் அதற்கு மேலும் இருந்தால் சரி. 95-க்குக் கீழே இரண்டு முறை காட்டினால் நேரத்தைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்தப் பருவக் காய்ச்சல் எல்லாமே கொரோனா என்று முடிவுகட்டிவிட வேண்டாம், டெங்குவும் எலிக்காய்ச்சலும் சேர்ந்தே வருகின்றன. பரிசோதனை முடியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் மற்ற மாத்திரைகள் இரத்தக்கசிவைக் கூட்டும்.

இனி மனசு. மழை விட்டால் ஆண்களுக்கு டீக்கடை பெஞ்சு இருக்கிறது. பெண்களுக்கு இருந்த இடங்களான குழாயடி, கோயில், சுய உதவிக் குழுக் கூட்டம் எல்லாம் இந்த ஒன்பது மாதத்தில் போய்விட்டன. எங்கள் கணக்கில் அதிகம் அடங்கிப்போனவர்கள் அவர்கள்தான். எதிரெதிர்த் திண்ணையில், முகக்கவசத்தோடு ஆறடி தள்ளி, மாலை நாலரையிலிருந்து அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பதில் பயம் ஒன்றும் இல்லை. அடைத்த வீட்டில் சீரியல் பார்ப்பதைவிட அது பாதுகாப்பானது. துக்க வீடுகளை விட்டுவிடாதீர்கள். இந்த வருடம் சாவுக்கு ஊர் கூட முடியவில்லை, பதினாறாம் நாளுக்கும் ஆள் இல்லை. அழுது தீர்க்காத துக்கம் இந்த இருட்டில் இன்னும் கனக்கும். உள்ளே போக வேண்டாம். வாசலில் நின்று பத்து நிமிடம் கேட்டுவிட்டு வாருங்கள், அடுத்த வாரம் மறுபடி போங்கள்.

சோர்வு எது, நோய் எது என்று பிரித்துப் பார்க்க இரண்டு கேள்வி போதும். கடந்த இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாள் மனம் விட்டுப்போனதுபோல் இருக்கிறதா? முன்பு பிடித்த வேலையிலும் பேச்சிலும் நாட்டமே இல்லாமல் இருக்கிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும், வெளிச்சம் மட்டும் போதாது. நம் ஊர்ப் பெரியவர்கள் ‘மனசு சரியில்லை’ என்று சொல்ல மாட்டார்கள். ‘சாப்பாடு இறங்கல’, ‘கை கால் அசதி’, ‘நெஞ்சு படபடங்குது’ என்பார்கள். சத்து ஊசி போட்டுக் கூட்டி வந்துவிடாதீர்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்களும் இருக்கிறார்கள். அரசு மருத்துவ உதவி எண் 104-க்குப் பேசினாலும் ஆலோசனை கிடைக்கும். குடித்தால் தூக்கம் வரும் என்பது பாதி உண்மை. விடியற்காலை மூன்று மணிக்கு அதுவே எழுப்பிவிடும், மறுநாள் சோர்வு இரண்டு மடங்காகும்.

பயிர் போன வீடுகளில் ஒன்றை உடனே செய்யுங்கள். பூச்சிமருந்து, களைக்கொல்லி, எலி மருந்து எதுவும் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டாம். பெட்டியில் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள், முடிந்தால் மருந்தையே வீட்டைவிட்டு வேறிடத்தில் வையுங்கள். ஒருவரின் பேச்சில் ‘இருந்து என்ன பண்ண’ என்ற தொனி வந்தால், சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. அவரைத் தனியாக விடாமல் 104-ஐ அல்லது தற்கொலைத் தடுப்பு அமைப்பான சென்னை சினேகாவின் 044-24640050 எண்ணை அழையுங்கள்.

மாவட்ட நிர்வாகத்திடம் மூன்று கோரிக்கை. வீடு வீடாக வரும் காய்ச்சல் கணக்கெடுப்பில் மேலே சொன்ன இரண்டு கேள்வியையும் சேர்க்க வேண்டும், ஒரு வீட்டுக்குக் கூடுதலாக இரண்டு நிமிடம்தான் ஆகும். பூட்டிக் கிடக்கும் பள்ளி, நூலகத் தாழ்வாரங்களை ஊராட்சி மூலம் பகலில் திறந்துவிட வேண்டும். ஒற்றை அறைத் தொகுப்பு வீட்டில் இருப்பவர்களுக்குத் திண்ணையே கிடையாது, அவர்கள் எங்கே போய் உட்காருவார்கள்? இனிக் கட்டும் தொகுப்பு வீடுகளிலாவது எதிரெதிர்ச் சுவரில் இரண்டு ஜன்னலும், அவற்றுக்கு இரண்டடி சன்ஷேடும் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
கிராம சுகாதாரப் பணியிலும் கட்டட வேலையிலும் உள்ள வாசகர்கள் சிலர்,
மன்னார்குடி வட்டாரம், திருவாரூர் மாவட்டம்.
டிசம்பர் 2020